ஒருநாள் விட்டு ஒருநாள்

பாலவாக்கம்
3-9-1973

தம்பி வைரவனுக்கு அக்காள் சுந்தரவல்லி எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். உன் சுகத்தையும் பங்கஜத்தின் சுகத்தையும் விசாரிக்க வேண்டியது முறை, விசாரித்தாகிவிட்டது. அப்பாவின் திவசத்தன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து, “இனி உன் வாசல் மிதிக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் உன் வாசல் மிதிப்பதில்லை என்று சொன்னேன். அதனால் பஸ் ஏறி வந்து முகத்துக்கு நேரே கேட்க வேண்டியதைத் தபாலில் கேட்கிறேன்.

நேற்று உன் ஆட்கள் வந்து நம் பொதுக் கிணற்றில் கரண்ட் மோட்டார் வைத்துவிட்டுப் போனார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா இந்தத் தோட்டத்தை இரண்டாக்கி, கடல் பக்கத்துப் பாதியை உனக்கும் மேற்குப் பாதியை எனக்கும் எழுதினார். நடு வரப்பில் இருக்கும் கிணற்றைப் பிரிக்க முடியாது என்று, ஒருநாள் உனக்கு, ஒருநாள் எனக்கு என்று முறை வைத்தார். அப்போது மாடு பூட்டி, கவலையில் சால் கட்டி இறைத்தோம். மாடு உச்சிவேளைக்குள் களைத்துவிடும். அவிழ்த்துக் கட்டினால் மறுநாள் காலை வரை கிணறு ஊறும். உன் நாளானாலும் என் நாளானாலும் பாதிப் பொழுது கிணற்றுக்கு ஓய்வு கிடைத்தது. உன் மோட்டாருக்குக் களைப்பு என்பதே இல்லை. நேற்று இருட்டிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. இன்று என் முறை. எட்டிப் பார்த்தால் அடிமணல் தெரிகிறது.

கடல் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நல்ல தண்ணீரை அளவுக்கு மேல் எடுத்தால் அந்த இடத்தைப் பிடிக்க உப்புத் தண்ணீர் வரும். வந்தால் என் கீரையும் கத்தரியும் மட்டும் போகாது, மண்ணே கெட்டுவிடும். உனக்கு ஜவுளிக்கடை இருக்கிறது. எனக்கு இந்த மண்ணை விட்டால் வேறு போக்கு கிடையாது. உச்சிக்கு மேல் மோட்டாரை நிறுத்தச் சொல்.

பங்கஜத்துக்கு மட்டும் என் அன்பு.

சுந்தரவல்லி


தியாகராய நகர்
9-9-1973

அக்காளுக்கு வைரவன் எழுதுவது.

இங்கு யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய். மற்றவர்கள் மேல் எரிந்து விழுகிறவர்களுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும்.

உன் கடிதம் வந்ததும் உயிலை எடுத்து மறுபடி படித்தேன். விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும்வரை ஒருவர் முறை என்று இருக்கிறது. மாடு என்று இல்லை. மோட்டார் என்றும் இல்லை. உச்சிவேளை என்ற பேச்சே இல்லை. அப்பா எழுதாததை நீ எழுதாதே. என் நாளில் நான் என்ன வைத்து இறைத்தாலும் அது என் பாடு.

மோட்டார் எதற்கு என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் பாதியில் உள்ள தென்னைகளைக் குத்தகைக்காரன் காயப்போட்டுவிட்டான். அவனைப் போகச் சொல்லிவிட்டு நானே பார்த்துக்கொள்கிறேன். தென்னைக்குத் தண்ணீர் விடுவது குற்றமா?

கடல் வரும் என்று பூச்சாண்டி காட்டாதே. அப்பா அந்த இடத்தை வாங்கிய நாளிலிருந்து கடல் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நீ ஒன்று செய்யலாம். திருவான்மியூர் வரைக்கும் மனை பிரித்து விற்கிறார்கள். உன் பாதியை என்னிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு இரு. காலம் முழுக்கக் கீரைக்கட்டு சுமந்து யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறாய்?

நான் மாம்பலத்தில் வீடு கட்டுகிற வேலையில் இருக்கிறேன். கடைக்கும் அங்கேயும் ஓடவே பொழுது போதவில்லை. அடிக்கடி எழுதாதே.

வைரவன்


பாலவாக்கம்
20-11-1973

தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றும் இருக்காது, நன்றாகச் சம்பாதிக்கிறாய் அல்லவா?

உன் தென்னைக்குச் சக்கரம் முளைத்திருக்கிறது. அது தினமும் தண்ணீரை ஏற்றிக்கொண்டு அடையாறு பக்கம் போகிறது. உன் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் தணிகாசலத்தைப் பிடித்துக் கேட்டேன். “தென்னைக்கா? இன்னாம்மா நீ, வெவரம் தெரியாத ஆளா கீறியே! லாரி வந்துக்கினே கீது, நான் ரொப்பிக்கினே கீறேன். அல்லாம் பில்டிங் வேலைக்குப் போவுது. நான் சொன்னேன்னு நைனாவாண்ட சொல்லிடாத” என்றான். சொல்லிவிட்டேன். அவனை நீ வேலையை விட்டு நிறுத்தினால் நான் வைத்துக்கொள்கிறேன்.

பொய் சொல்கிறவன் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். லாரி போகும் பாதை என் வேலியோரம்தான் இருக்கிறது. என் தண்ணீர் ஒழுகிக்கொண்டே போவதை நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இந்த மாதம் முதல் பருப்பு வேகவில்லை. எவ்வளவு விறகு வைத்தாலும் கல்லாகக் கிடக்கிறது. சோப்பு நுரைப்பதில்லை. இன்னும் வாயில் கரிக்கவில்லை, ஆனால் அதற்கு முன்னால் வரும் அடையாளம் இது. என்னிடம் வேலை செய்யும் தேவானைகூட, “தண்ணி மாறிக்கினு வருதும்மா” என்றாள்.

மயிலாப்பூருக்குப் போய்க் குளத்தங்கரைப் பக்கம் ஒரு வக்கீலைப் பார்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், “ஏம்மா, ஒரே ஆத்துல பொறந்தவா, எதிரும் புதிருமா உக்காந்துண்டு பேசினா அரை மணியில தீர்ற சமாசாரம். கோர்ட்டுக்குப் போனேள்னா கெணறு வத்தினாலும் கேஸ் முடியாது” என்றார். எதிரே உட்கார எனக்கு இஷ்டமில்லை என்றேன். அப்படியானால் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள் என்றார். அதனால்தான் இந்தக் கடிதமும்.

லாரியை நிறுத்து. உன் தென்னைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொள்.

சுந்தரவல்லி


தியாகராய நகர்
2-12-1973

அக்காளுக்கு,

சௌக்கியம். நீ விசாரித்த விதத்திலேயே நானும் உன்னை விசாரித்ததாக வைத்துக்கொள்.

நீ போன வக்கீலிடமே நானும் போனேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார். சட்டம் என் பக்கம் இருக்கிறது. முறை நாளில் எடுக்கும் தண்ணீரை இன்னதற்குத்தான் என்று உயில் சொல்லவில்லை. குடிக்கலாம், செடிக்கு விடலாம், விற்கலாம், இஷ்டப்பட்டால் மணலில் கொட்டலாம். கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்.

அடையாறிலும் அதற்கு அப்பாலும் எத்தனை வீடு எழும்புகிறது என்று உனக்குத் தெரியாது. அந்த ஜனங்களுக்குச் சுவர் வைக்கத் தண்ணீர் வேண்டாமா? உன் கத்தரிக்காய்க்காக ஊர் கட்டுவதை நிறுத்தி வைக்க முடியாது. என் புது வீட்டுக்கும் நம் கிணற்றுத் தண்ணீர்தான் போகிறது. அப்பா வெட்டிய கிணறு, அதில் எழும்பும் வீடு. உனக்குக்கூட அதில் சந்தோஷம் இருக்க வேண்டும்.

அத்தான் உயிரோடு இருந்திருந்தால் உனக்கு இந்தப் பேச்சு வராது. ஆண் துணை இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு கிணற்றையே எட்டி எட்டிப் பார்த்தால் புத்தி இப்படித்தான் போகும். அவர் இறந்துபோன வருஷமே நான் கூப்பிட்டேன், வந்து எங்களோடு இரு என்று. நீ வரவில்லை. இப்போது யாரும் கூப்பிடவில்லை.

வைரவன்


தியாகராய நகர்
18-4-1974

அக்காளுக்கு,

நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று தெரியும், சுகமில்லாதவள் செய்கிற காரியமாக இது இல்லை.

என் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. கூடப்பிறந்தவளுக்கு அனுப்ப வேண்டியது என்று அரிசியும் வெல்லமும் கரும்பும் சேலையுமாகப் பொங்கல்படி அனுப்பினேன். வண்டியிலிருந்து இறக்கக்கூட விடாமல் திருப்பி அனுப்பினாய். பங்கஜம் அழுதாள். சண்டைக்காரன் அனுப்பினாலும் பொங்கல்படியைத் திருப்பிய பெண் நம் வகையறாவில் கிடையாது. அதையும் பொறுத்தேன்.

இப்போது என் முறை நாளில் காலைப் பலகார நேரத்துக்குள் கிணறு வற்றிவிடுகிறது. லாரிக்காரர்கள் காலியாகத் திரும்பிப் போகிறார்கள். ஏன் என்று தணிகாசலத்தைக் கேட்டேன். “அம்மா ஒன்னோடத விடப் பெரிய மோட்டாரா போட்டுக்கினாங்க நைனா. அவங்க நாள்ல நிறுத்தாம ஓட்டிக்கினே கீறாங்க. தோட்டத்துக்கு வுட்டாலும் பரவால்ல, பைப்ப இழுத்துக்கினு போயி அந்தாண்ட மணல்ல வுட்றாங்க” என்கிறான்.

நான் நம்பவில்லை. கடைப் பையனை அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். உண்மை என்று வந்து சொன்னான். வளையலை விற்று மோட்டார் வாங்கினாயாமே! உன் கத்தரி வாடி நிற்கிறது, பக்கத்தில் நல்ல தண்ணீர் மணலில் ஓடுகிறது. நீ என்னைத் தண்ணீர் விற்கிறவன் என்று திட்டினாய். நான் விற்றாலாவது ஒருவன் வீட்டுச் சுவர் நனைகிறது. நீ செய்வதற்கு என்ன பேர்?

உடனே நிறுத்து.

வைரவன்


பாலவாக்கம்
24-4-1974

தம்பிக்கு,

சுகம்.

என் முறை நாளில் எடுக்கும் தண்ணீரை நான் குடிக்கலாம், செடிக்கு விடலாம், விற்கலாம், இஷ்டப்பட்டால் மணலில் கொட்டலாம். கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. இது மயிலாப்பூர் வக்கீல் சொன்னது. எழுதியவன் நீ.

சுந்தரவல்லி


மாம்பலம்
12-9-1974

மதினி அவர்களுக்குப் பங்கஜம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிறேன். இந்தக் கடிதம் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. பதில் போடுவதானால் மயிலாப்பூரில் என் சித்தி வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள்; கீழே எழுதியிருக்கிறேன்.

ஆவணியில் புது வீட்டுக்குக் குடி வந்துவிட்டோம். பால் காய்ச்சும்போது நாத்தனார் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் நிற்கவில்லை. அவர் சொந்தத்தில் ஒருத்தியை நிறுத்தலாம் என்று என் அம்மா சொன்னாள். அவர் விடவில்லை. “அந்த இடம் அப்படியே கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

குடி வந்த நாலைந்து நாளிலேயே கூடத்துச் சுவரில் வெள்ளையடித்தது உப்பி உரிந்து விழ ஆரம்பித்தது. மறுபடி அடித்தோம். மறுபடி விழுந்தது. ஈரம் என்று நினைத்தோம். ஒருநாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. சுவர் முழுக்க, கைக்கு எட்டும் உயரத்துக்கு, வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வருகிறது. அவர் காலையில் யாரும் எழுந்திருக்கும் முன் விளக்குமாறால் தட்டிப் பெருக்கிவிட்டுக் கடைக்குப் போகிறார். நான் பார்க்காதது போல இருக்கிறேன்.

போன வாரம் அடையாறில் வீடு கட்டித்தரும் பொன்ராஜ் என்கிற மேஸ்திரி கடைக்கே வந்துவிட்டார்; அன்று நானும் அங்கே இருந்தேன். புடவை எடுக்க வந்தவர்கள் முன்னால், “கடல்தண்ணிய வித்து ஏமாத்திட்டியேய்யா, நான் கட்டின வூட்ல அல்லாம் சுவரு அரிச்சிக்கினு போவுது, எனக்கு எவன் வேல குடுப்பான்?” என்று கத்தினார். உங்கள் தம்பி அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அப்படி அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

மதினி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தினமும் அந்தக் கிணற்றில் குடிப்பவர் நீங்கள். தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது உங்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுக்குத்தான் அது வருகிறது என்றும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

தவறாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

பங்கஜம்


பாலவாக்கம்
1-10-1974

பங்கஜத்துக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீ கேட்டதில் கபடம் இல்லை என்று தெரியும், அதனால் பதில் எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியதை உன் புருஷனுக்கு முதல் கடிதத்திலேயே சொன்னேன். அவன் உயிலைப் படித்தான். எப்போது கரித்தது, யார் மோட்டார் ஓடும்போது முதலில் கரித்தது என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதே. என் மோட்டார் சித்திரையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

உன் சுவரில் பூத்தது என் பாத்தியிலும் பூத்திருக்கிறது. காலை வெயிலில் வரப்பெல்லாம் வெள்ளையாக மின்னுகிறது. கீரை முளைத்து இரண்டு இலை விடும், அதோடு ஓரம் கருகி விழுந்துவிடும். கத்தரி மொத்தமும் போய்விட்டது. பசு வாளியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. தண்ணீர் விடாவிட்டால் செடி சாகிறது, விட்டால் மண் சாகிறது. கையில் அள்ளிப் பார்த்தால் உதிர்ந்து ஓடுகிற மண், இப்போது பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து அழுதேன். என் புருஷன் போனபோதுகூட நாலு பேர் பார்க்க அப்படி நான் அழவில்லை. தேவானை பார்த்துவிட்டு எனக்காக வெட்கப்பட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

இத்தனைக்குப் பிறகும் உன் புருஷனின் மோட்டார் அவன் நாளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சுவரைப் பெருக்குகிறவனுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. நீ சொல்லிப் பார். எனக்கு அவனிடம் சொல்ல வார்த்தை மிச்சமில்லை.

பால் காய்ச்சிய அன்று நான் நிற்காதது பற்றி எழுதியிருந்தாய். அதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

சுந்தரவல்லி


தியாகராய நகர்
5-2-1975

அக்காளுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மழை பொய்த்துவிட்டது. பட்டணத்தில் குழாயடியில் குடத்துக்குக் குடம் அடித்துக்கொள்கிறார்கள். என் பாதியில் இரண்டு இடத்தில் குழாய் இறக்கிப் பார்த்தேன். இரண்டிலும் வாயில் வைக்க முடியாத உப்பு. பாலவாக்கத்து நிலம் இனிமேல் விவசாயத்துக்கு ஆகாது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரால் என்று பேசிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை.

அப்துல் வஹீத் என்கிற தரகர் வந்திருக்கிறார். இரண்டு பாதியையும் சேர்த்துக் கொடுத்தால் மனையாக எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. என் பாதி மட்டும் வேண்டாம் என்கிறார்கள், ஏனென்றால் பாதை உன் பாதி வழியாக இருக்கிறது. உன் கையெழுத்து வேண்டும். பத்திரத்தைக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். போட்டு அனுப்பு.

போடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். மாசி பிறந்ததும் ஆட்களை விட்டுக் கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டி, அடியில் பக்கவாட்டில் குழாய் செருகப் போகிறேன். கரிக்கிற தண்ணீர்தான் வரும். வரட்டும். குடிக்க ஆகாவிட்டாலும் கழுவ ஆகும். இந்தப் பஞ்சத்தில் அதற்கும் லாரி நிற்கிறது. உன் பாத்தியில் இன்னும் ஏதாவது பச்சையாக மிச்சம் இருந்தால் அதற்குள் பறித்துக்கொள்.

நான் கெட்டவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள். கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், கூட்டம் இல்லை. இதைவிட விவரமாக உனக்கு எழுத எனக்கு விருப்பமில்லை.

வைரவன்


பாலவாக்கம்
12-2-1975

தம்பிக்கு,

உடம்பெல்லாம் வலிக்கிறது. வேறு குறையில்லை.

நேற்று என் முறை. விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும்வரை கிணறு என்னுடையது. விடிந்ததும் ஆரம்பித்தோம். விளக்கு வைப்பதற்குள் கிணற்றை மூடிவிட்டோம்.

தேவானை குப்பத்திலிருந்து பெண்களைக் கூட்டி வந்தாள். மாடு ஏறி இறங்கிய கவலை மேட்டை வெட்டி உள்ளே தள்ளினோம். கைப்பிடிச் சுவரை இடித்துத் தள்ளினோம். போதாததற்கு இரண்டு கட்டை வண்டியில் கல்லும் மண்ணும் அடித்தோம். முதல் கூடையை நான்தான் கொட்டினேன். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டதும் பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டு, “கெணத்த மூட்றது பாவம்மா, ஒனக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிடப்போவுது” என்றான். எனக்கு ஆக இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவன் உன் மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்தான். அதைச் சாக்கில் சுற்றி அவனிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒரு திருகாணிகூடக் குறையாது, எண்ணிப் பார்த்துக்கொள்.

பாவம் என்று எனக்கும் தெரியும். அப்பா கட்டிய சுவர் உள்ளே சரிந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் நீ வெட்டப் போகிற ஆழத்தில் கடல் முழுதாக உள்ளே வந்துவிடும். பிறகு நூறு வருஷம் ஆனாலும் இந்த மண்ணில் புல் முளைக்காது.

சட்டப்படி என் பாதியைத்தான் மூடினேன். மண் உன் பாதிக்கும் சரிந்துவிட்டது. பாதிக் கிணற்றை எப்படி மூடுவது என்று அப்பா உயிலில் எழுதவில்லை.

பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதையும் தணிகாசலத்திடம் கொடுத்திருக்கிறேன்.

சுந்தரவல்லி


தியாகராய நகர்
14-2-1975

சுந்தரவல்லி அவர்களுக்கு,

சுகம் விசாரிக்க வேண்டிய உறவு தீர்ந்துவிட்டது.

அப்பா கடையில் நின்று சம்பாதித்து வெட்டிய கிணறு. அதில் குப்பத்துப் பெண்களை விட்டுக் கல்லைப் போட்டாய். எதிரிகூடச் செய்யத் துணியாத காரியம். நான் தண்ணீரைத்தான் எடுத்தேன். நீ கிணற்றையே எடுத்துவிட்டாய்.

கேஸ் போடுகிறேன். வக்கீல் நோட்டீஸ் வரும். என் சாவுக்கு நீ வராதே. உன் சாவுக்கு நானும் வரப்போவதில்லை. பங்கஜத்துக்கு எழுதினாலும் அவள் கைக்குப் போகாது. சித்தி வீட்டு விலாசம் எனக்கும் தெரியும்.

வைரவன்


பாலவாக்கம்
20-2-1976

தம்பி வைரவனுக்கு,

ஒரு வருஷம் ஆகிவிட்டது. நீ சுகம் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. இப்போது விசாரிக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையாகக் கேட்கிறேன், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நோட்டீஸ் வந்தது. வாய்தா வாய்தாவாகக் கேஸும் போகிறது. உன் வக்கீல் என்னை வராந்தாவில் பார்த்து, “சௌக்கியமா இருக்கேளா?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். அது பொய் இல்லை.

போன ஐப்பசிக்கு முன்னால் வரப்பையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினேன். மழையில் ஒரு சொட்டு வெளியே போகவிடவில்லை. நின்ற தண்ணீர் மெதுவாக இறங்கியது, இறங்கும்போது உப்பையும் கீழே கொண்டுபோனது. சாணியும் சவுக்குச் சருகும் போட்டு மூடினேன். முக்கால் பங்கில் சவுக்கு நட்டுவிட்டேன். கால் பங்கு மட்டும் பாத்தி. கார்த்திகையில் விதைத்த கீரை இலை கருகாமல் வந்தது. முதல் கட்டை நான் விற்கவில்லை, கடைந்து சாப்பிட்டேன்.

தண்ணீருக்கு என்ன செய்தாள் என்று நினைப்பாய். என் பாதியில் மணல்மேட்டின் அடியில் துரவு தோண்டியிருக்கிறேன். உடன்குடிப் பக்கம் நம் சொந்தக்காரர்கள் கொல்லையில் வைத்திருப்பார்களே, அதே பள்ளம்தான். அகலம் நிறைய, ஆழம் இடுப்பளவு. அடியில் உப்புத் தண்ணீர் இருக்கிறது, அதன் மேலே மழைத் தண்ணீர் ஏடு மாதிரி மிதக்கிறது. அந்த ஏடு மட்டும் ஊறும். மோட்டார் வைத்தால் காற்றைத்தான் இழுக்கும். சரிவில் இறங்கி இரண்டு கையிலும் குடத்தால் மொண்டு, ஏறி வந்து ஊற்ற வேண்டும். தணிகாசலம் இப்போது என்னிடம்தான் இருக்கிறான். மோட்டார்க்காரனைக் குடம் தூக்க வைத்துவிட்டேன் என்று தினமும் என்னைத் திட்டுகிறான்.

அந்தத் துரவில் உனக்குப் பங்கு கிடையாது. அது என் நிலம். ஆனாலும் உன் பங்கைத் திருடினேன் என்று நீ கோர்ட்டில் சொல்லக்கூடாது என்று, முதல் நாளிலிருந்தே பழைய முறையை வைத்தேன். ஒருநாள் எனக்கு, ஒருநாள் உனக்கு. உன் நாளில் நான் அதில் கை வைப்பதில்லை. வீம்புக்குத்தான் செய்தேன்.

தை மாதம் வெயில் ஏறியபோது பொறுக்க முடியாமல் உன் நாளிலும் மொண்டேன். அடுத்த நாள் வாயில் வைத்தால் லேசாகக் கரித்தது. நிறுத்தினேன். உன் நாளை உனக்கே விட்டேன். இரண்டு முறை விட்டதும் பழையபடி இனித்தது. அப்போதுதான் புரிந்தது. நீ வராத நாளில்தான் அது ஊறுகிறது. உன் நாள் இல்லாமல் என் தோட்டம் இல்லை.

தபாலில் வந்தால் நீ பிடுங்கிக்கொள்வாய் என்று, பங்கஜம் தன் சித்தியையே இங்கே அனுப்பினாள். நம் இருவரையும் ஒன்று சேர்க்கப் பார்க்கிறாள். நீயும் இளகி வருவதாகச் சித்தி சொன்னாள். வேண்டாம், தம்பி. நீ சமாதானமாகி வந்து, என் முறைக்கு நான் மொள்ளட்டுமா அக்கா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல என் வாய் வராது. பெரிய மோட்டார் வாங்கத் துணிந்த எனக்கு அந்த ஒரு சொல் வராது. கொடுத்துவிடுவேன். கொடுத்தால் இந்த மண் மறுபடி செத்துப்போகும்.

அதனால் உன் கோபம் ஆறாமல் இருக்கட்டும். கேஸை வாபஸ் வாங்காதே. நீ இல்லாமல் போனால் உன் முறை யார் கைக்குப் போகுமோ, அவர்கள் உன்னைப்போல் வீம்பு பிடித்தவர்களாக இருப்பார்களோ மாட்டார்களோ. ஆகையால் உடம்பைக் கவனித்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருந்து, நூறு வயதும் இங்கே வராமல் இரு.

அக்காள்
சுந்தரவல்லி